பாறைக்குள் குடியிருக்கும் மாப்பிள்ளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு, 'அனைவரும்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன். அடிக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். நீயும் புது வேலையில், புது வீட்டில், உப்புத்தண்ணீர் வாடை இல்லாத அறையில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், வீட்டில் இருப்பவர்களை எண்ணியது. பல்கூடத் தேய்க்கவில்லை. வெறுங்காலோடு ஒவ்வொரு அறையாகப் போய் எட்டிப் பார்த்து எண்ணினேன். ஐந்து. சரியாக இருந்தது. அப்புறம்தான் மூச்சு ஒழுங்காக வந்தது, அடுப்பில் பாலை வைத்தேன். கல்லூரி நூலகத்தில் புத்தகத்தை எண்ணி எண்ணி அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள். நீ விட்டுவிட்டுப் போன தொட்டியில் ஒன்பது மீன் இருந்தது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்ட வீடு இது.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கூப்பிட்டதும் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர் அப்பா. ஸ்பீக்கரில் போட்டு, தொட்டி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, காமிராவைத் தொட்டிக்குள் இருக்கும் பாறைப் பக்கமே காட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் நீகூடக் கேட்டாய், "அக்கா, பின்னாடி பளபளன்னு ஒரு குழாய் தெரியுதே, ஃபில்டர் மாத்திட்டீங்களா?" என்று. நான் "ம்" என்று சொல்லி வைத்தேன். தம்பி, அது குழாய் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. வினை நீ விதைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று என்னைச் சமையலறை ஓரம் கூப்பிட்டு, "அக்கா, காலையில மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி, அவ்வளவுதான். மத்த யாரையும் நம்பாதே" என்றாய். நான் நெகிழ்ந்துபோனேன். அதற்கு முன்பே மாடிப்படியில் உன் அத்தானைப் பிடித்து, "அத்தான், அக்கா ஒரு புத்தகத்தை எடுத்தா உலகமே மறந்துடும், நீங்க ஒரு சிட்டிகை போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறாய். என் மகளிடம், "பெரியவங்களுக்கெல்லாம் ஞாபக மறதி, மாமா உன்னைத்தான் நம்பியிருக்கேன்டா" என்று. அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் அவர் இரண்டு கையையும் பிடித்து அந்த டப்பாவை வைத்தாயாம். ஆக, இந்த வீட்டில் நான்கு பேரும், ஒருவருக்கொருவர் தெரியாமல், மற்ற மூவரின் பொறுப்பில்லாத்தனத்தை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டு, தினமும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டுவந்திருக்கிறோம். டப்பா காலியானபோது நான்கு பேரும் ஒரே நாளில் புது டப்பா வாங்கி வந்து கூடத்தில் நேருக்கு நேர் நின்றோம் பார், அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது.

அதற்குள் தொட்டியில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மணலைக் கொஞ்சம் கிளறினால் போதும், இளஞ்சிவப்பாக நூல் நூலாகப் புழுக்கள். இரண்டு பக்கமும் வெள்ளை முடி, சீப்பு மாதிரி. உன் அத்தானைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பல் டாக்டருக்கு எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒன்றை விரலால் எடுத்துவிட்டார். அந்த முடி முழுதும் கண்ணாடித்தூள் போல விரலில் ஏறிக்கொண்டது. தினமும் பத்துப் பேரிடம் "ஒண்ணுமே தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று பொய் சொல்லிப் பிழைப்பவர், அன்றைக்குக் கூடத்தில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடிவந்துவிட்டாள். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்து எடுத்தோம்.

நீ மீன் வாங்கும் கடைக்காரரைக் கூப்பிட்டேன். என் மகள் அவருக்கு உப்புத்தண்ணி என்று பெயர் வைத்திருக்கிறாள். வந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படாதீங்க மேடம், இதெல்லாம் துப்புரவு பண்றதுங்க. மிச்சம் மீதியைத் தின்னுட்டு அதுபாட்டுக்கு இருக்கும். நீங்க தினம் விருந்து வெச்சிருக்கீங்க, சொந்தக்காரங்க குடும்பத்தோட வந்துட்டாங்க. சாப்பாட்டைக் குறைங்க, தானா குறைஞ்சிடும்." குறைத்தோம். ஒரே ஒரு சிட்டிகை, அதுவும் நான்கு பேர் கண் முன்னால், சாட்சி வைத்துக்கொண்டு. அவர் சொன்னபடியே நூல் புழுக்கள் குறைந்தன. அதோடு மீன்களும் குறைய ஆரம்பித்தன.

மஞ்சள் மீன்தான் முதலில். காலையில் பார்த்தால் இல்லை. செத்திருந்தால் மிதக்க வேண்டும், அல்லது முள்ளாவது கிடக்க வேண்டும். ஒன்றும் இல்லை, அது இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அடுத்து நீல மீன். அப்புறம் அந்தப் பெரிய நத்தை, அதன் ஓடு மட்டும் வாய் உடைந்து கிடந்தது. உன் அத்தான் பூனை என்றார். மூடி போட்ட தொட்டிக்குள் எந்தப் பூனை, நீச்சலுடை போட்டுக்கொண்டா வரும்? மகள் என்னைச் சந்தேகப்பட்டாள். "அம்மா, நீயே யாருக்காவது குடுத்துட்டியா? உண்மையைச் சொல்லு." நான் என்னையே கொஞ்சம் சந்தேகப்பட்டேன். கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது சொடக்கு எடுப்பது போல ஒரு சத்தம் கேட்கும், திரும்பினால் அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். என் விரலையே பார்த்துக்கொள்வேன், நான்தான் எடுத்தேனோ என்று.

கண்டுபிடித்தவர் அப்பா. அவரால்தான் முடியும். வாழ்க்கை முழுவதும் பரீட்சை அறையில் மேற்பார்வை பார்த்த வாத்தியார், அசையாமல் உட்கார்ந்து, பார்க்காதது மாதிரி பார்ப்பதுதானே அவர் தொழில்? அம்மா போனதிலிருந்து அவர் இந்த வீட்டில் பேசியதெல்லாம் "ம்", "போதும்", "விளக்கை அணைச்சிடு" என்ற மூன்றுதான் என்பது உனக்கும் தெரியும். நீ போனில் எத்தனை கேட்டாலும் "ம்" என்றுதானே வரும். அன்றைக்கு மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போயிருந்தது, தொட்டி இருட்டாக இருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ வெளியாள் வந்துவிட்டார் என்று திடுக்கிட்டேன், அவ்வளவு நாளாகிவிட்டது அப்பா முழு வாக்கியம் பேசி.

"அது முழுசா வெளியே வரலை."

"எதுப்பா?"

"உள்ள இருக்கிறது. காப்பி அடிக்கிற பையன் தலையைத் தூக்கிப் பார்ப்பானே, அந்த மாதிரி பார்க்குது. நீ அசையாதே. அசைஞ்சா போயிடும்."

நான் கையில் பாதி மடித்த துண்டோடு நின்றேன். பாறையில் ஒரு ஓட்டையிலிருந்து என் கட்டை விரல் கனத்துக்கு ஒரு தலை வந்தது. நெற்றியில் ஐந்து மீசை, ஒவ்வொன்றும் தனித்தனியாக எதையோ தடவித் தேடியது. உடம்பு பழுப்புதான், இரண்டு பக்கமும் முடி, ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் எண்ணெய் படிந்த தண்ணீர் மாதிரி நீலமும் பச்சையும் ஓடியது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் வந்தது, இன்னும் வந்தது. அப்பா மெதுவாகத் தொட்டியின் மறு கோடியைக் கண்ணால் காட்டினார். அங்கே வேறொரு ஓட்டையில் அதே நிறம், அதே முடி, வளைந்து நகர்ந்துகொண்டிருந்தது. தலை இந்தக் கோடியில், இடுப்பு அந்தக் கோடியில். வாலை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. அழகாக இருந்தது என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. கரண்ட் வந்தது, விளக்கு எரிந்தது, கண்ணிமைக்குமுன் பாறை வெறும் பாறையாகிவிட்டது.

உப்புத்தண்ணி மறுபடி வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "இதுவும் புழுதான், ஆனா புதுசா வந்ததில்லை மேடம். கடல்ல இருந்து பாறையோடவே வந்திருக்கும், சின்ன நூலா. உங்க தம்பி பாறை வாங்கின நாள்லேர்ந்தே உள்ளதான் இருந்திருக்கும். இத்தனை வருஷமா அவர் கூடவே வளர்ந்திருக்கு. நீங்க சாப்பாடு அள்ளிப் போட்டதுல இன்னும் பெருத்துப்போச்சு. இப்ப குறைச்சதும் பசிக்குது." தம்பி, நான் இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். முன்பு நீ குடியிருந்த அந்த ஒற்றை அறையில், மனைவி விலகிப் போன பிறகு, "ரொம்பத் தனியா இருக்கேன்கா, இந்த ரெண்டு கோமாளி மீனும்தான் எனக்குத் துணை" என்று எத்தனை முறை அழுதிருக்கிறாய். நீ தனியாக இல்லை. நீ விளக்கை அணைத்துப் படுத்த ஒவ்வொரு நாளும் அது வெளியே வந்து உன்னைப் பார்த்திருக்கும்.

அப்பாதான் பெயர் வைத்தார், மாப்பிள்ளை என்று. "வீட்டோட இருக்கு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தலையைக் காட்டுது, உள்ள என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. வேற என்னன்னு கூப்பிடறது?" உன் அத்தான் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை, காது மட்டும் சிவந்தது. மறுநாளே க்ளினிக்கிலிருந்து இடுக்கியும், வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியும், தலையில் மாட்டும் விளக்கும் வந்துவிட்டன. பாறையைத் தாடை மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்து, "மேல் வரிசை, இடது பக்கம், மூணாவது ஓட்டை" என்று எனக்குச் சொல்கிறார், நான் நர்ஸ் மாதிரி தலையாட்டுகிறேன். மரத்துப்போக ஊசி போடலாமா என்றுகூட யோசித்தார். கடைசியில் இறால் துண்டைக் காட்டி, திரையை மூடிக் காத்திருந்து, வந்ததும் கவ்விப் பிடித்தார். "வேரோட எடுக்கணும், பாதியில விட்டா தொல்லை" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். அது பாறைக்குள்ளிருந்து இழுத்தது. அத்தனை பெரிய மனுஷன் தோள்வரை தொட்டிக்குள் போய்விட்டார், தம்பி. பாறை நகர்ந்தது. பிறகு சத்தமே இல்லாமல் பட்டென்று விட்டது. இடுக்கியில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஏதோ நெளிந்தது. மீதியெல்லாம் உள்ளே.

"இந்த மாப்பிள்ளை எடுத்தா பாதிதான் வரும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று முழுதும் சாப்பிடவில்லை. மறுநாளும் "ம்", "போதும்" என்று பழையபடி ஆகிவிட்டார். உன் அத்தானுக்கு முகமே செத்துப்போனது. கல்யாணமான நாளிலிருந்து மாமனாரோடு நேராகப் பேசாதவர், அப்பாவின் அறை வாசலில் போய் நின்று, "மாமா, அது செத்திருக்காது. இந்த வகைக்குத் திரும்ப வளரும்னு கடைக்காரர் சொன்னார்" என்றார். அப்பா, "உட்காருங்க" என்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் உட்காருங்க அது. வளர்ந்தும்விட்டது. சில நாளில் அதே ஓட்டையில் தலை, ஒரு மீசை மட்டும் குட்டையாக.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி ஆகிவிட்டது தெரியுமா? அதற்கு வெளிச்சம் ஆகாது என்பதால் பகலிலும் கூடத்துத் திரைகள் மூடியே இருக்கின்றன. அதிர்ந்தால் உள்ளே போய்விடும் என்பதால் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. மகள் கதவை அறைந்து சாத்துவதை விட்டுவிட்டாள், நான் பன்னிரண்டு வருஷம் கத்தியும் நடக்காத காரியம். எல்லோரும் தணிந்த குரலில் பேசுகிறோம். அழைப்பு மணியைக் கழற்றிவிட்டோம். பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, இருட்டுக் கூடத்தில் நாங்கள் வரிசையாக நாற்காலி போட்டு மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "யாருக்காவது ரொம்ப முடியலையா?" என்று கிசுகிசுத்தாள். இல்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்துப் படியிறங்கினாள். நேற்றுக் கண்ணாடியில் பார்த்தேன், நான் அறைக்கு அறை போகும்போது முதலில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறேன். அத்தானும் அப்படித்தான் செய்கிறார். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை.

அப்பா அதனோடு பேசுகிறார். எங்களோடு பேசுவதைவிட அதிகமாக. போன வாரம் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். "நீயும் அவளை மாதிரிதான். கூப்பிட்டா வரமாட்டே. நான் பேசாம உட்கார்ந்திருந்தா, இந்த மனுஷன் என்ன பண்றார்னு வந்து எட்டிப் பார்ப்பே. அவளும் சமையல்கட்டுல இருந்து அப்படித்தான், தலையை மட்டும் நீட்டுவா. 'என்ன, உயிரோட இருக்கீங்களா?'ன்னு கேட்டுட்டு உள்ள போயிடுவா." அம்மா அப்படிக் கேட்பாள் என்பது எனக்கு நினைவே இல்லை. உனக்கு இருக்கிறதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் கோமாளி மீன்களில் பெரியது போய்விட்டது. பட்டப்பகலில், என் கண் முன்னால். சொடக்கு மாதிரி ஒரு சத்தம், மணல் கொஞ்சம் எழும்பி அடங்கியது, அவ்வளவுதான். சின்னது அந்த ஓட்டைக்கு முன்னாலேயே போய்ப் போய் நிற்கிறது. ஒன்பது வருஷமாக நீ கைக்குழந்தை மாதிரி வளர்த்தது, அதையும் பறிகொடுத்துவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? உப்புத்தண்ணி ஞாயிற்றுக்கிழமை காலை வாளியோடு வருகிறார். பாறையோடு எடுத்துப்போய் நல்ல தண்ணீரில் போட்டால் அது தாங்காதாம், வெளியே வந்து விழுந்துவிடுமாம். வேறு வழியில்லை என்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் சனிக்கிழமை கூப்பிட்டு அப்பாவிடம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லு. தொட்டி உன்னுடையது, பாறையும் உன்னுடையது, உன் சொல்லை அவர் தட்டமாட்டார். அவர் மறுபடி "ம்", "போதும்" என்று ஆகிவிடுவாரோ என்பதுதான் என் பயம். ஆனால் ஒரு புழுவை நம்பி ஒரு மனிதரை எத்தனை நாள் விட்டுவைப்பது? படித்தவள், யோசித்துத்தான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு, பயப்படாதே. உன் அத்தான் விசாரிக்கச் சொன்னார், மருமகள் அன்பு சொல்லச் சொன்னாள். அப்பாவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு, அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். நீ நல்ல துணையோடு, நிறைந்த வீட்டில், நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன் முழுதும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். காலையில் எண்ணினேன், ஐந்து, சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். தம்பி, இந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான். அப்பா, உன் அத்தான், மகள், நான். ஒவ்வொரு அறையாகப் போய்விட்டுக் கடைசியாகக் கூடத்துக்கு வந்தேன், பாறையைப் பார்த்தேன், ஓட்டையில் அந்தக் குட்டை மீசை தெரிந்த பிறகுதான் ஐந்து என்று முடித்திருக்கிறேன். மூச்சு ஒழுங்காக வந்ததும் அப்போதுதான்.

அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். தனியாக, தானாகக் கிளம்பி. அம்மா போனதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன், சீக்கிரம் வந்துடறேன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார், எந்த மாப்பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தட்டவில்லை, பேசவில்லை. வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தது. என்னையறியாமல் என் வாயிலிருந்து, "என்ன, உயிரோட இருக்கீங்களா?" என்று வந்தது. குரல் என்னுடையது இல்லை. அது உள்ளே போகவில்லை, அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமைதான் தபாலில் போடுவேன். சனிக்கிழமை நீ அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை உப்புத்தண்ணி வாளியோடு வரும்போது, உன் சின்னக் கோமாளி மீனை அதில் விட்டுக் கொடுத்தனுப்புவேன். நீ வந்து அழைத்துப் போகும்வரை அவர் கடையில் பத்திரமாக இருக்கும். பாறையைக் கேட்டால், உள்ளே ஆள் இருக்கிறது என்பேன். இதை இன்னும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.